தம்பியின் நோட்டில் நான் எழுதிய மூன்று நாட்கள்

2009 ஜூலை மாதம். தாராவியில் நான்கு நாளாக விடாத மழை. தம்பிக்கு அப்போது நாலு வயது, எனக்குப் பன்னிரண்டு. என் கணக்கு நோட்டில் பேனாவால் கிறுக்கிவிட்டான் என்று சாயங்காலம் ஸ்கேலை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். மறுநாள் காலையில் அவன் எழுந்தபோது இரண்டு கண்ணும் வீங்கி, இமை பாதிதான் திறந்தது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்றாள் அம்மா. எனக்கு மட்டும் உண்மையான காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீக்கம் வடிந்துவிடும், காலையில் திரும்ப வந்துவிடும். பக்கத்தில் இருந்த டாக்டர் ஒருவர் அலர்ஜி என்று சிரப் கொடுத்தார். ஒரு வாரத்தில் கால் வீங்கியது. சாக்ஸைக் கழற்றினால் எலாஸ்டிக் இருந்த இடத்தில் பள்ளமாக ஒரு வளையம் நிற்கும், அரைமணி நேரம் ஆனாலும் போகாது. அப்புறம் வயிறு. டிராயரின் பட்டன் போட முடியவில்லை. கடைசியில் அம்மாதான் கண்டுபிடித்தாள், அவன் ஒண்ணுக்குப் போன இடத்தில் சோப்புத் தண்ணி மாதிரி நுரை நிற்கிறது என்று. அன்றைக்கே சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பரேலில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது ஆல்புமின் என்கிற புரதத்தைக் கீழே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் அது சிறுநீரோடு ஒழுகிவிடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் தண்ணீர் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்து உடம்பில் தேங்கும். அதுதான் வீக்கம். எங்கள் வீட்டில் முறுக்குதான் பிழைப்பு. அம்மா மாவு சலித்து, பிழிந்து, சுட்டு எடுப்பாள். அப்பா கடை கடையாகப் போடுவார். அதனால் ஊரிலிருந்த ஆச்சிக்கு அம்மா போனில் இப்படிச் சொன்னாள்: "சல்லடைக் கண்ணு பெருசாயிட்டும்மா. மாவோட சேந்து கப்பியும் கீழ விழுது." நான் பிற்பாடு எத்தனையோ விளக்கங்கள் கேட்டுவிட்டேன், இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் இது ஆச்சிக்குச் சொன்னது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "தம்பிக்கு உடம்பு சரியில்ல, பாத்து நடந்துக்கட்டி" என்பதோடு சரி. இரண்டு வருஷம், என் ஸ்கேல் அடியால்தான் அவன் கிட்னி கெட்டுப்போனது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரி அவன் தூங்கும்போது கண்ணுக்குக் கீழே விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிப் பிள்ளைக்கு ஓர் அக்காவோ அண்ணனோ தங்கையோ இருந்தால், அவர்களை உட்கார வைத்து மூன்று விஷயம் சொல்லுங்கள். நோயின் பெயர். அது யார் செய்ததாலும் வந்ததில்லை. அது ஒட்டிக்கொள்ளாது. கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் கேட்கவே இல்லை. குற்றவாளி எப்படிக் கேட்பாள்?

மருந்து, பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. முதல் தடவைக்கு ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கேட்கும். தம்பிக்கும் கேட்டது, பத்தே நாளில் வீக்கம் வடிந்து எலும்பும் தோலுமாக நின்றான். ஆனால் கேட்ட பிள்ளைகளிலும் நிறையப் பேருக்குத் திரும்பத் திரும்ப வரும். சளி பிடித்தால் வரும், காய்ச்சல் அடித்தால் வரும். மும்பை மழைக்காலத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் சளி பிடிக்காமல் இருக்குமா? வயது ஏற ஏற முக்கால்வாசிப் பேருக்கு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு ஓடியது.

மறுபடி வருகிறதா என்பதை வீக்கம் வருவதற்கு முன்னாலேயே பிடிக்க ஒரு வழி உண்டு. தினமும் காலை முதல் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கண்ணாடி டெஸ்ட் ட்யூப், சல்ஃபோசாலிசிலிக் அமிலம் ஒரு பாட்டில். சிறுநீரில் சில சொட்டு விட்டால், புரதம் இருக்கிற அளவுக்குப் பால் போலக் கலங்கும். ட்யூபுக்குப் பின்னால் அச்சடித்த காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் இல்லை. கொஞ்சம் மங்கினால் ஒன்று. தடித்த எழுத்துகூட மறைந்துபோனால் மூன்று. அடியில் தயிர் மாதிரித் திரண்டு உட்கார்ந்தால் நாலு.

அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள், எழ முடியாது. அதனால் இந்த வேலை என் கைக்கு வந்தது. காலையில் காலண்டர் தாளைக் கிழித்து ட்யூபுக்குப் பின்னால் பிடிப்பேன். ராகு காலம், எமகண்டம், அன்றைய நல்ல நேரம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அது படிக்க வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நல்ல நேரம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, எதிரே 'இல்லை' என்று எழுதுவேன். மாத்திரை கொடுத்ததும் அதிலேயே. எடை, சளி, இருமல் எல்லாம் அதிலேயே. டாக்டர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார், அப்புறம்தான் தம்பியைப் பார்ப்பார்.

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. ட்யூப் கலங்கினால் அது என் வாயிலிருந்துதான் வீட்டுக்குத் தெரிய வேண்டும். நான் 'மூணு' என்று சொன்னதும் அப்பா கையை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவார். அம்மா, "நேத்து அவனுக்கு என்னத்தட்டி கொடுத்த? தெருவுல மழைல விட்டியா?" என்பாள். அன்றைக்கு இருந்த திட்டம் எல்லாம் ரத்தாகும். உறவுக்காரர் கல்யாணம், என் பள்ளி ஆண்டு விழா, எல்லாம் அப்படிப் போனதுதான். அம்மா ஆஸ்பத்திரியில் அவனோடு தங்கிவிடுவாள். நான் பக்கத்து வீட்டு மராத்தி மாவுஷி கொடுக்கும் பாக்ரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

2011 மே மாதம், ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போவதாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருஷமாகப் போகவில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு மூன்று நாளுக்கு முன்னால் ட்யூபுக்குப் பின்னால் எழுத்து மறைந்தது. அதற்கு முந்தின வாரம் அவனுக்கு லேசாகச் சளி. நான் ட்யூபைக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, இன்னொரு முறை பார்த்தேன். காலண்டர் தாளில் பெரிதாக அச்சடித்த தேதி எண்கூடத் தெரியவில்லை. பொடி எழுத்து ஒன்றுகூட இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றி ட்யூபைக் கழுவினேன். நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். எனக்குப் பதினாலு வயது, விதி எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், மாத்திரையை மறுபடி தினமும் தொடங்க வேண்டும். தெரிந்தேதான் எழுதினேன்.

ரயிலில் இரண்டாம் நாள் ராத்திரியே அவன் முகம் உப்பிவிட்டது. ஊரில் இறங்கி நாலாவது நாள், கொடைக்குக் கால்நட்டிய அன்று, வயிறு வலி, காய்ச்சல், வாந்தி. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் தேங்கிய தண்ணீரில் கிருமி தொற்றிவிட்டது என்றார்கள். இந்த நோயில் உயிருக்கே ஆபத்தான கட்டங்களில் அதுவும் ஒன்று. வீங்கிய பிள்ளைக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "கிளம்புற வரைக்கும் இல்லைன்னு போட்டிருக்கே? இவ்வளவு வேகமா வராதேம்மா" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று 'இல்லை'யையும் சொன்னேன், அப்படியே ஸ்கேல் அடியையும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஸ்கேல் விஷயத்துக்கு மட்டும், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லட்டி. இத்தன நாளா இதயா வயித்துல வச்சிருந்த?" என்று கேட்டாள். நோட்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தம்பி ஒன்பது நாள் இருந்து தேறினான்.

மும்பை திரும்பியதும் அம்மா ட்யூபைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதை நான் தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை பரேலுக்குப் போனபோது அம்மா டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள், என் முன்னாலேயே. அவர் என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார்: "இவள் கலங்கியிருக்கு என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?" அம்மாவுக்குப் பதில் வரவில்லை.

பல வருஷமாக இந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கெட்ட செய்தி சொல்கிறவளுக்குத் திட்டும் கிடைத்து, ஆசையும் போகிறது என்றால், எந்தப் பிள்ளையும் ஒருநாள் பொய் சொல்லும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளையின் வீட்டிலும் இதே கதைதான், ஆஸ்துமா வீட்டிலும் இதே கதைதான், பேசிப் பார்த்தால் தெரிகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஒருவர் பார்ப்பது, இன்னொருவர் எழுதுவது. என்ன வந்தாலும் முதலில் "சரி, எழுதிக்க" என்பது மட்டும். ஏன், எப்படி, யாரால் என்ற பேச்சு அப்புறம், முடிந்தால் வேண்டவே வேண்டாம். ரத்தாகிற எதற்கும் பதிலாக வேறொரு தேதி அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இதை அப்பா கடைப்பிடித்தார், அம்மாவுக்குப் பழக ஒரு வருஷம் ஆனது.

பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. என் வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு அம்மை போட்டது. எங்கள் தெருவில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகி, அம்மன் வந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கம் இளநீரோடு போய்ப் பார்த்துவிட்டு வரும். ஸ்டீராய்டு தின்கிற பிள்ளைக்கு அது சாதாரண அம்மையாக இருக்காது, நுரையீரல் வரை போகலாம். அம்மை உள்ளவரோடு ஒரே அறையில் இருந்தால் கொப்புளம் வரட்டும் என்று பார்க்காமல் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஓடிவந்து சொன்னேன். அம்மா "சரி" என்றாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், என்னை மூன்று வாரம் முலுண்டில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். எனக்கு அம்மை வரவே இல்லை. ஆனால் அந்த மூன்று வாரமும், வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தினமும் ராத்திரி அப்பா போன் செய்து, நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசித்துக் காட்டுவார்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் நிறையத் தவறினோம். வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நாங்கள் அதை ஆயுசுக்கும் உப்பில்லை என்று எடுத்துக்கொண்டோம். முறுக்கு சுடுகிற வீட்டில், எண்ணெய் வாசனைக்கு நடுவில், அவன் உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து அழுவான். பசி வேறு. ஸ்டீராய்டு பசி சாதாரணப் பசி இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோற்றுப் பானையைத் திறப்பான். ஒன்றரை வருஷம் கழித்துதான், புரதம் நின்று வீக்கம் இல்லாத நாட்களில் அளவான உப்புப் போட்ட வீட்டுச் சாப்பாடே சாப்பிடலாம், ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குத்தீனி மட்டும் வேண்டாம் என்று தெரிந்தது. முதலிலேயே கேட்டிருக்கலாம். உப்பு இல்லாத நாட்களுக்கு அம்மா தனியாக ஒரு பிடி மாவு எடுத்து, மிளகும் சீரகமும் எள்ளும் தூக்கலாகப் போட்டுப் பத்து முறுக்குப் பிழிவாள். நான் தின்று பார்த்திருக்கிறேன், எலுமிச்சை பிழிந்த சுண்டலோடு நன்றாகத்தான் இருக்கும். அவனுக்காக நானும் அந்த நாட்களில் அதையே தின்றேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவன் தட்டு தனியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, தெருவில் அவனைப் பூரி என்று கூப்பிட்டார்கள். நான் இரண்டு பையன்களை அடித்தேன், ஒரு பயனும் இல்லை. பயன்பட்டது வேறு. டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம்: மாத்திரையால் வந்த வீக்கம், மாத்திரை குறைந்தால் குறையும், பசித்தால் சாப்பிடவும் அவசரம் என்றால் வெளியே போகவும் விடுங்கள், நன்றாக இருக்கிற நாளில் விளையாட விடுங்கள். அந்த டீச்சர் வகுப்பிலேயே அதைப் பேசினார். அதோடு பெயர் வைப்பது குறைந்தது. முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மாத்திரையை நிறுத்து, நெருஞ்சிமுள் கஷாயம் கொடு என்று சொல்ல உறவில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். பல வாரம் தின்ற ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படியே படுத்துவிடும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது நாலு நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். அப்புறம் ஊசி விஷயம்: நிமோனியாவுக்கும் ஆண்டுதோறும் ஃப்ளூவுக்கும் உள்ள தடுப்பூசியைக் கேட்டுப் போடுங்கள். ஃப்ளூ ஊசியை வீட்டில் இருக்கிற மற்றவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. மாத்திரை அதிகம் ஓடும்போது சில தடுப்பூசிகளைத் தள்ளிப் போடுவார்கள், அதனால் எந்த ஊசிக்கு முன்னாலும் நோட்டைக் காட்டுங்கள். கண், ரத்த அழுத்தம், உயரம் மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லி நினைவூட்டுங்கள். கூட்டமான வெளிநோயாளிகள் பிரிவில் அது விட்டுப்போகும்.

அவன் ஒன்பது வயதில் தானே பார்க்கத் தொடங்கினான். அதற்குள் நாங்கள் அமிலத்திலிருந்து, சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்புக்கு மாறியிருந்தோம். மஞ்சளாக இருந்தால் இல்லை, பச்சை ஏற ஏறப் புரதம். நனைத்து ஒரு நிமிடத்தில் பாட்டிலில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்து ஒரு பாட்டில் முழுக்க வீணானது. ஒருநாள் லேசாகப் பச்சை காட்டினால் பதற வேண்டியதில்லை, சளியோடு வந்து சளியோடு போய்விடுவதும் உண்டு. தொடர்ந்து பாருங்கள்.

கடைசியாக அவனுக்கு நோய் திரும்பியது 2018-இல், பதிமூன்று வயதில். பதினாறு வயதானபோது, பழைய நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருநாள், 2011 மே மாதத்தைத் திறந்து அவனிடம் காட்டினேன். மூன்று 'இல்லை'. என்ன நடந்தது என்று சொன்னேன். அவன் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அம்மா அப்பவே சொல்லிட்டாக்கா" என்றான். அப்புறம் வேறொரு நோட்டைத் தேடி எடுத்து, அவனுடைய கையெழுத்தில் இருந்த ஒரு வாரத்தைக் காட்டினான். ஐந்தாம் வகுப்பில் கிரிக்கெட் மேட்ச் இருந்த வாரமாம். இரண்டு நாள் குழாய்த் தண்ணீரில் ஸ்ட்ரிப்பை நனைத்து எங்களுக்குக் காட்டியிருக்கிறான். மூன்றாம் நாள் பயந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கிறான். எனக்கு அந்த மூன்றாம் நாள் நினைவிருந்தது. அம்மா "சரி, எழுதிக்க" என்று சொன்னதும், அவன் ஏன் என்று தெரியாமல் அழுததும்.

இப்போது அவனுக்கு இருபது வயது, வேலைப் பயிற்சிக்காகப் புனேயில் தங்கியிருக்கிறான். குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர்கள் டாக்டரிடம் மாறியபோது, பதினோரு நோட்டுகளையும் ஒரு தாளுக்குச் சுருக்கி எழுதினோம்: எந்த ஆண்டு எத்தனை தடவை வந்தது, என்ன மாத்திரை, எத்தனை நாளில் கேட்டது, எந்த ஊசி எப்போது. அந்தத் தாள் அவன் பர்ஸில் இருக்கிறது, நகல் என்னிடம். தினமும் பார்க்கிற வழக்கம் நின்றுவிட்டது, சளி காய்ச்சல் வந்தால் மட்டும் பார்க்கிறான். பார்த்தாயா என்று நான் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன், அது சுலபமாக இல்லை.

போன மாதம் புனேயில் மழை. ராத்திரி போனில் அவன் குரல் கம்மியிருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினான். நான் வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். காலை 6.40-க்கு ஒரு போட்டோ வந்தது. பாட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரிப், லேசான பச்சை. கீழே, "ஒண்ணு. நாளைக்கும் பாக்கேன்."

'சரி, எழுதிக்க' என்று பதில் போட்டேன்.